மகளின் இரைப்பைக் கிருமி மருந்துக்குக் கேட்கவில்லை: முன்பு இருமலுக்குக் கொடுத்த மருந்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

உவர்மலை அம்மா

வணக்கம். திருகோணமலையில் இருந்து எழுதுகிறேன். மகளுக்குப் பதினொரு வயது. வயிற்றுவலி என்று தொடங்கியது. நடு இரவில் வலியோடு எழுந்து உட்கார்ந்துவிடுவாள். பள்ளிக்கூடம் போகாமல் இருக்கச் சாட்டுச் சொல்கிறாள் என்று வீட்டில் சிலர் சொன்னார்கள். மலம் கன்னங்கறுப்பாகப் போன பிறகுதான் எல்லோருக்கும் பயம் பிடித்தது. கொழும்புக்குக் கொண்டுபோய் எண்டோஸ்கொப்பி (வாய் வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) செய்தோம். சிறுகுடலின் தொடக்கத்தில் புண் இருக்கிறது, அதற்குக் காரணம் ஹெலிகோபக்டர் பைலோரி என்ற பக்டீரியா என்று சொன்னார்கள்.

இரண்டு கிழமைக்கு மூன்று மருந்து தந்தார்கள்: அமிலத்தைக் குறைக்க ஒமெப்ரசோல், அதோடு அமொக்ஸிசிலின், கிளாரித்ரோமைசின் என்ற இரண்டு அன்டிபயோடிக். ஒரு வேளை கூடத் தவறவில்லை. பிறகு மூச்சுப் பரிசோதனை செய்து பார்த்தால் கிருமி அப்படியே இருக்கிறது. "கிளாரித்ரோமைசினுக்கு எதிர்ப்புத்திறன் உள்ள கிருமியாக இருக்கலாம். சிறுவயதில் பிள்ளைக்கு என்னென்ன அன்டிபயோடிக் கொடுத்திருக்கிறார்கள்?" என்று வைத்தியர் கேட்டார்.

நான் என்ன பதில் சொல்வது? இங்கே தனியார் மருத்துவ நிலையங்களில் தருவது சின்ன வெள்ளைக் கடதாசி உறை. அதன் மேல் காலை ஒன்று, இரவு ஒன்று என்று கோடு போட்டிருப்பார்கள். பாணி மருந்தென்றால் பெயர் இல்லாத போத்தல். பெயர் தெரிந்தால்தானே சொல்ல முடியும்?

இருமலுக்குக் குடித்த மருந்து, பல வருடம் கழித்து வயிற்றில் உள்ள கிருமியை எப்படிப் பாதிக்கும்? தெரிந்தவர்கள் விளக்கமாகச் சொல்லுங்கள்.

நிலாவெளி வாசகன்

அக்கா, என் மருமகனுக்கும் இதே கதைதான். அவனுக்கு இரண்டாவது முறை மருந்தை மாற்றிக் கொடுத்துக் குணமாகிவிட்டது. மனம் தளராதீர்கள்.

ஆய்வுகூட மேசை

நான் மருத்துவ ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். தொடர்பு இருக்கிறது அக்கா, நேரடியான தொடர்பு.

எரித்ரோமைசின், அசித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் மூன்றும் மெக்ரோலைட் என்ற ஒரே குடும்பம். பிள்ளைகளின் இருமல், தொண்டைநோவு, காதுவலிக்கு அதிகம் கொடுக்கப்படுபவற்றில் இவையும் அடங்கும். இவை பக்டீரியாவின் ரைபோசோமில், அதாவது அது புரதம் தயாரிக்கும் இடத்தில், போய் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்துகின்றன. ஹெலிகோபக்டரின் மரபணுவில் அந்த இடத்துக்குரிய பகுதியில் ஒரே ஓர் எழுத்து மாறினால் போதும், மருந்து ஒட்டாது. 2142, 2143 என்று எண்ணிடப்பட்ட இரண்டு இடங்களில்தான் இந்த மாற்றம் பெரும்பாலும் நடக்கிறது. மாறிய கிருமிக்குக் குடும்பத்தில் ஒரு மருந்து கேட்காவிட்டால் மற்றவையும் கேட்காது.

இருமலுக்குக் குடித்த பாணி இருமலுக்கு மட்டும் போவதில்லை. இரைப்பையில் ஏற்கனவே குடியிருக்கும் ஹெலிகோபக்டரும் அதைச் சந்திக்கிறது. மாற்றம் இல்லாதவை சாகின்றன, மாற்றம் உள்ளவை மிஞ்சிப் பெருகுகின்றன. தம்பலகாமத்து வயல்காரருக்கு இது புதிதல்ல. ஒரே களைநாசினியைப் போகத்துக்குப் போகம் அடித்தால் கடைசியில் அதற்கு மசியாத களைதான் வயல் முழுவதும் நிற்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், நீங்கள் உங்களையே நொந்துகொள்ளக் கூடாது என்பதற்காக. இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதிலேயே வீட்டுக்குள் இருந்து, முக்கியமாகத் தாயிடமிருந்தோ கூடப் பிறந்தவர்களிடமிருந்தோ தொற்றுகிறது. எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமியாகவே பிள்ளைக்கு வந்திருக்கவும் கூடும். அப்போது பிள்ளை ஒரு சொட்டு மெக்ரோலைட் குடிக்காமல் இருந்திருந்தாலும் இதே முடிவுதான் வந்திருக்கும்.

உவர்மலை அம்மா

நன்றி தம்பி. இவ்வளவு தெளிவாக யாரும் சொல்லவில்லை. அமிலம் நிறைந்த இரைப்பையில் ஒரு கிருமி எப்படி உயிரோடு இருக்கிறது?

ஆய்வுகூட மேசை

யூரியேஸ் என்ற நொதியம் அதனிடம் இருக்கிறது. யூரியாவை உடைத்து அமோனியாவாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தை நடுநிலையாக்கிக்கொண்டு, இரைப்பைச் சுவரின் சளிப்படலத்துக்குள் புகுந்துவிடும். மகளுக்குச் செய்த மூச்சுப் பரிசோதனையும் இந்த நொதியத்தை வைத்துத்தான்: குறியிட்ட யூரியாவைக் குடிக்கக் கொடுத்து, வெளிவிடும் மூச்சில் அந்தக் குறி வருகிறதா என்று பார்ப்பது.

இரைப்பையில் பக்டீரியா வாழவே முடியாது என்றுதான் உலகம் நெடுங்காலம் நம்பியது. அவுஸ்திரேலியாவின் பேர்த் நகரில் பரி மார்ஷலும் ரொபின் வாரனும் 1982 இல் இதை ஆய்வுகூடத்தில் வளர்த்துக் காட்டினார்கள். அப்படியும் பலர் ஏற்கவில்லை. 1984 இல் மார்ஷல் தானே அந்தக் கிருமியைக் கரைத்துக் குடித்து, இரைப்பை அழற்சி வந்ததை நிரூபித்தார். 2005 இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எங்கள் வேலையின் பெறுமதியில் சந்தேகம் வரும் நாட்களில் நான் அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.

பாமசி அண்ணன்

மருந்தகம் ஒன்றில் மருந்தாளராக வேலை செய்கிறேன். கடைப் பக்கத்தில் இருந்து பார்ப்பதைச் சொல்கிறேன்.

மருந்துத் துண்டு இல்லாமல் அன்டிபயோடிக் விற்கக் கூடாது. 2015 ஆம் ஆண்டின் 5 ஆம் இலக்க தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபைச் சட்டம் இருக்கிறது. ஆனால் மாலையில் கடைக்கு வருபவர்களில் எத்தனை பேர் பழைய போத்தலைக் கையில் பிடித்துக்கொண்டு "போன முறை இதுதான் தந்தார்கள், இதையே தாருங்கள்" என்று கேட்கிறார்கள் தெரியுமா? மறுத்தால் கோபம். அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

இன்னொரு பழக்கம் அரைவாசி வாங்குவது. ஐந்து நாளுக்கு எழுதியிருந்தால் "இரண்டு நாளுக்குத் தாருங்கள், சுகமாகாவிட்டால் வருகிறேன்" என்பார்கள். 2022 இல் மருந்துத் தட்டுப்பாடும் விலையேற்றமும் வந்த பிறகு இதை இன்னும் அதிகமாகப் பார்க்கிறேன். கையில் பணம் இல்லாதவரிடம் எதிர்ப்புத்திறனைப் பற்றி விரிவுரை நடத்த எனக்கு வாய் வருவதில்லை.

மிச்சப் பாணியைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று மாதம் கழித்துத் தம்பிக்கோ தங்கைக்கோ கொடுக்கும் வீடுகளும் உண்டு. தூளில் ஆறிய கொதிநீர் விட்டுக் கலந்த பிறகு அந்த மருந்துக்கு ஆயுள் சில நாட்கள்தான். எத்தனை நாள் என்பது பெட்டியிலேயே அச்சிட்டிருக்கும். அதற்குப் பிறகு அதில் உள்ளது வலுவிழந்த மருந்து. கிருமி சாகாது, பழகிக்கொள்ளும். கிளாரித்ரோமைசின் பாணியைக் கலந்த பிறகு குளிர்சாதனப் பெட்டியில் வைக்கவே கூடாது, தடித்துவிடும். எல்லா அன்டிபயோடிக்கும் ஒன்றுதான் என்று நினைத்து எல்லாவற்றையும் குளிரில் வைக்கிறார்கள்.

மூதூர்த் தகப்பன்

எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். நான் நாட்கூலிக்குப் போகிறவன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வெளிநோயாளர் பிரிவில் வரிசையில் நின்றால் அன்றைய உழைப்புப் போய்விடும். பாமசியில் ஐந்து நிமிடத்தில் வேலை முடிகிறது. சட்டம் போட்டுக் கடையை மூடினால் எங்களுக்கு மிஞ்சுவது என்ன? முதலில் இரவிலும் வைத்தியரைப் பார்க்க வழி செய்யட்டும். பிறகு எங்களுக்குப் புத்தி சொல்லட்டும்.

பாமசி அண்ணன்

நீங்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது ஐயா, நான் மறுக்கவில்லை. நான் கேட்பது ஒன்றுதான். வேலை முடிந்து கடைக்கு வந்தால் அன்டிபயோடிக்கின் பெயரைச் சொல்லிக் கேட்காதீர்கள். பிள்ளைக்கு என்ன செய்கிறது என்று சொல்லுங்கள். சாதாரணச் சளிக்காய்ச்சல் வைரஸால் வருவது. அதற்குப் பரசிட்டமோல், தண்ணீர், ஓய்வு போதும். செலவும் குறைவு. மூச்சு வாங்குகிறது, குடிக்க மறுக்கிறது, துவண்டு கிடக்கிறது என்றால் என் கடையில் நின்று நேரத்தைக் கழிக்காமல் நேரே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். இரண்டுக்கும் நடுவில் அன்டிபயோடிக்கைத் தீர்மானிக்கும் தகுதி எனக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை.

தாயும் சேயும்

நான் குடும்பநல உத்தியோகத்தர். வீடு வீடாகப் போகிறவள். இருமலைப் பற்றிப் பேசினீர்கள், வயிற்றோட்டத்தையும் சேருங்கள்.

பிள்ளைக்குத் தண்ணீராகப் போனவுடன் மெட்ரோனிடசோல் கொடுப்பது எங்கள் பக்கத்தில் சர்வசாதாரணம். தாய்மார் அதைப் பூச்சி மருந்து என்றுகூடச் சொல்வார்கள். தண்ணீராகப் போகும் பெரும்பாலான வயிற்றோட்டத்துக்கு அது தேவையே இல்லை. ஜீவனி (நீரிழப்பை ஈடுசெய்யும் உப்புக் கரைசல்), தாய்ப்பால், வழமையான சாப்பாடு, அதோடு துத்தநாக மாத்திரை 10 முதல் 14 நாள் வரை. உலக சுகாதார நிறுவனம் சொல்வதும் இதுதான். மலத்தில் இரத்தம் கலந்து வந்தால் மட்டும் கதை வேறு, உடனே வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

ஹெலிகோபக்டருக்கு எதிரான சில ஆயுதங்களில் மெட்ரோனிடசோலும் ஒன்று என்று எங்களுக்கு ஒரு பயிற்சியில் சொன்னார்கள். வயிற்றோட்டத்துக்கு அள்ளிக் கொடுத்து அதையும் மழுங்கடிக்கிறோம் என்று நினைக்கும்போது எனக்கு உண்மையிலேயே வயிறு எரிகிறது.

கிண்ணியா நானா

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீடுகளில் விசேஷம் என்றால் சஹனில், அதாவது ஒரே பெரிய தட்டில், நாலைந்து பேர் ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். வாய் வழியாகத் தொற்றும் என்று ஒரு காணொளியில் சொன்னார்கள். சஹன் சாப்பாட்டை விட வேண்டுமா? என் உம்மாவுக்கு இதைக் கேட்டதில் இருந்து ஒரே கவலை.

குழந்தை வைத்தியம்

வ அலைக்கும் ஸலாம் நானா. குழந்தை மருத்துவத்தில் பணிபுரிகிறேன். இங்கே யாருக்கும் தனிப்பட்ட சிகிச்சை சொல்ல முடியாது, பொதுவாகச் சொல்கிறேன்.

உம்மாவிடம் கவலைப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். தொற்று முக்கியமாக நடப்பது சிறுபிள்ளைப் பருவத்தில், ஒரே வீட்டுக்குள், நெருக்கமாகப் புழங்கும்போது. வாந்தி, மலம், எச்சில் மூன்றும் வழிகள். 1999 இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில் தொற்றுள்ளவர்களின் வாந்தியில் இந்தக் கிருமி உயிரோடு ஏராளமாகக் கிடைத்தது, எச்சிலில் மிகக் குறைவாக. ஆகவே வீட்டில் யாராவது வாந்தி எடுத்தால் அதைத் துடைத்தவர் சவர்க்காரம் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும். குழந்தைக்குச் சோற்றை மென்று ஊட்டும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள். கை கழுவி உட்கார்ந்து சாப்பிடுகிற சஹனைக் கைவிடச் சொல்ல எனக்குக் காரணம் எதுவும் தெரியவில்லை.

பாலையூற்று ஆசிரியை

டொக்டர், என் மகனுக்கு எட்டு வயது. தொப்புளைச் சுற்றி அடிக்கடி வலி என்கிறான். ஓர் ஆய்வுகூடத்தில் இரத்தம் எடுத்து "எச். பைலோரி பொசிட்டிவ்" என்று தாள் தந்திருக்கிறார்கள். மருந்து தொடங்கட்டுமா? வீட்டில் எல்லோரையும் பரிசோதிக்கச் சொல்லியும் ஒருவர் ஆலோசனை தந்தார்.

குழந்தை வைத்தியம்

தொடங்காதீர்கள் டீச்சர். இந்த இழையில் மிக முக்கியமான கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

முதலாவது, அந்த இரத்தப் பரிசோதனை. அது காட்டுவது கிருமிக்கு எதிராக உடல் உண்டாக்கிய எதிர்ப்பொருளை. கிருமி போன பிறகும் எதிர்ப்பொருள் நீண்ட காலம் இருக்கும். பிள்ளைகளில் நோயைத் தீர்மானிக்க இதைப் பயன்படுத்த வேண்டாம் என்றே ஐரோப்பிய, வட அமெரிக்கக் குழந்தைச் சமிபாட்டு மருத்துவச் சங்கங்களின் கூட்டு வழிகாட்டல் சொல்கிறது. அந்தத் தாளைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, கிருமி உண்மையாகவே இருந்தாலும் தொப்புளைச் சுற்றி வந்து போகும் வலிக்கு அதுதான் காரணம் என்று சொல்ல முடியாது. உலகில் பாதிக்குக் கிட்டத்தட்டப் பேர் இந்தக் கிருமியைச் சுமந்திருக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு எந்தத் தொல்லையும் இல்லை. அந்த வழிகாட்டலின்படி பிள்ளைகளில் "தேடிப் பார், கண்டால் கொல்" என்ற முறை கூடாது. புண் இருக்கிறது என்று சந்தேகிக்கக் காரணம் இருந்தால் எண்டோஸ்கொப்பி செய்து, வலிக்கு உண்மையான காரணத்தைத் தேட வேண்டும். இரவில் எழுப்பும் வலி, இரத்த வாந்தி, கறுப்பு மலம், எடை குறைதல், இரும்புச்சத்து மருந்துக்கும் ஏறாத இரத்தச்சோகை, இவை இருந்தால் தாமதிக்கக் கூடாது. உவர்மலைச் சகோதரியின் மகளுக்குச் செய்தது முற்றிலும் சரி. உங்கள் மகனை ஒருவர் நேரில் பார்த்து, மலச்சிக்கலில் இருந்து தொடங்கி ஒவ்வொன்றாக ஆராயட்டும்.

மூன்றாவதுதான் இங்கே பேசப்படும் விடயம். தேவையில்லாத ஒவ்வொரு சிகிச்சையும் எதிர்ப்புத்திறனுக்கு உரம். உலக சுகாதார நிறுவனத்தின் பிராந்தியங்களில் பெரும்பாலானவற்றில் கிளாரித்ரோமைசினுக்கும் மெட்ரோனிடசோலுக்கும் எதிர்ப்புத்திறன் 15 சதவீதத்தைத் தாண்டிவிட்டது என்று 2018 இல் ஒரு பெரிய தொகுப்பாய்வு காட்டியது. 2017 இல் அந்த நிறுவனம் வெளியிட்ட பட்டியலில், புதிய மருந்து அவசரமாகத் தேவைப்படும் கிருமிகளுள் கிளாரித்ரோமைசினுக்குக் கேட்காத ஹெலிகோபக்டரும் இருந்தது. பெரியவர்களுக்கு வழிகாட்டல் வேறு. இரைப்பைப் புற்றுநோய் அபாயம் அவர்களில் கணக்கெடுக்கப்படுகிறது. 1994 இலேயே இது புற்றுநோய்க் காரணி என்று வகைப்படுத்தப்பட்டது. வீட்டில் பெரியவர்களுக்கு அறிகுறி இருந்தால் அவர்கள் தங்களுக்கென்று வைத்தியரைப் பார்க்கட்டும்.

உவர்மலை அம்மா

டொக்டர், மகளுக்கு இரண்டாவது சுற்று மருந்து தொடங்கப் போகிறார்கள். மீண்டும் எண்டோஸ்கொப்பி செய்து திசு எடுக்க வேண்டுமா என்று யோசிக்கிறார்கள். சின்னப் பிள்ளைக்கு மறுபடியும் அந்த வேதனை தேவையா?

குழந்தை வைத்தியம்

முடிவு அவளைப் பார்க்கும் வைத்தியருடையது. அவர் ஏன் யோசிக்கிறார் என்பதை மட்டும் விளக்குகிறேன். எந்த மருந்துக்குக் கிருமி கேட்கும் என்று திசுவில் சோதித்து அதன்படி கொடுப்பதே பிள்ளைகளுக்குச் சிறந்த முறை. கிளாரித்ரோமைசின் கேட்கும் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே அதைச் சேர்க்க வேண்டும் என்பது இப்போதைய வழிகாட்டல். ஒருமுறை தோற்ற கிளாரித்ரோமைசினைத் திரும்பக் கொடுப்பதில்லை.

ஆறுதலான செய்தியும் உண்டு. அமொக்ஸிசிலினுக்கு இந்தக் கிருமியில் எதிர்ப்புத்திறன் இன்னும் அரிது, பல நாடுகளில். மெட்ரோனிடசோல் எதிர்ப்பை அளவையும் நாட்களையும் கூட்டி ஓரளவு சமாளிக்கலாம். எட்டு வயதைக் கடந்த பிள்ளை என்பதால் பிஸ்மத், டெட்ராசைக்ளின் சேர்ந்த நான்கு மருந்து முறையும் திறந்திருக்கிறது. அதற்குக் கீழே டெட்ராசைக்ளின் பல்லில் கறை விழுத்தும். பிஸ்மத் குடித்தால் மலமும் நாக்கும் கறுக்கும். முன்பு கறுப்பு மலத்தைப் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள், அதனால் முன்கூட்டியே சொல்கிறேன். மெட்ரோனிடசோலில் வாய் கசக்கும், உலோகச் சுவை வரும். அதனால்தான் பல பிள்ளைகள் இடையில் துப்பிவிடுகிறார்கள். ஒமெப்ரசோலைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னதாகக் கொடுங்கள்.

ஆய்வுகூட மேசை

ஒன்றைச் சேர்க்கிறேன். இந்தக் கிருமியை வளர்ப்பது கடினம். ஒட்சிசன் குறைந்த சூழல் வேண்டும், மூன்று நாளில் இருந்து ஒரு கிழமைக்கு மேலும் எடுக்கும். திசுவைத் தகுந்த ஊடகத்தில் குளிராக வைத்து விரைவாகக் கொண்டு சேர்க்காவிட்டால் வழியிலேயே செத்துவிடும். எண்டோஸ்கொப்பிக்கு நாள் குறிக்கும்போதே திசு எந்த ஆய்வுகூடத்துக்குப் போகிறது, அன்றே போகுமா என்று கேளுங்கள். மரபணு மாற்றத்தை நேரடியாகத் தேடும் பீசிஆர் முறையும் உண்டு, அதற்குக் கிருமி உயிரோடு இருக்க வேண்டியதில்லை.

சிகிச்சை முடிந்தபின் மூச்சுப் பரிசோதனைக்கு அவசரப்பட வேண்டாம். அன்டிபயோடிக் நிறுத்தி நான்கு கிழமை, ஒமெப்ரசோல் நிறுத்தி இரண்டு கிழமை ஆக வேண்டும். முன்னதாகச் செய்தால் கிருமி ஒளிந்திருந்தாலும் இல்லை என்று காட்டும்.

தாயும் சேயும்

வெள்ளை உறையைப் பற்றி அக்கா முதலில் எழுதியதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. எல்லாப் பிள்ளைகளிடமும் கிளினிக் கொப்பி இருக்கிறது. தடுப்பூசி, நிறை, உயரம் எல்லாம் அதில் பதிகிறோம். அதன் பின்பக்கத்தில் தாய்மார் தாங்களே எழுதலாம்: திகதி, அன்டிபயோடிக்கின் பெயர், எதற்காக, எத்தனை நாள். என் பகுதியில் இந்த மாதக் கிளினிக்கில் இருந்து இதைச் சொல்லப் போகிறேன்.

மூதூர்த் தகப்பன்

அது நல்ல யோசனை தங்கச்சி, செலவில்லாத யோசனை. ஆனால் உறையில் பெயர் எழுதாமல் தந்தால் கொப்பியில் எதை எழுதுவது? கேட்டால் "உங்களுக்கு ஏன் அது" என்கிறார்கள்.

பாமசி அண்ணன்

ஐயா, சண்டை பிடிக்காமல் இப்படிக் கேளுங்கள்: "பிள்ளைக்கு முன்பு ஒரு மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, பெயரை உறையில் எழுதித் தாருங்கள்." ஒவ்வாமை என்று வந்தால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். சில பிள்ளைகளுக்குப் பெனிசிலின் உண்மையிலேயே ஒவ்வாது, அதனால் அது எப்போதும் நியாயமான கேள்விதான். அப்படியும் எழுதாவிட்டால் மருந்தை அங்கே வாங்காமல் துண்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வாருங்கள். எந்த மருந்தகத்தில் வாங்கினாலும் அட்டையோடு கேளுங்கள், ஓரத்தை வெட்டிப் பெயர் போய்விட்டால் மற்றப் பாதியைக் காட்டச் சொல்லிக் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். என் கடைக்கு வருகிறவர்களுக்கு நாளையில் இருந்து உறையில் பெயரைத் தமிழிலும் எழுதிக் கொடுக்கிறேன்.